தாரை வார்த்துக் கொடுத்த நாய்

கனகாம்பாள் பிறந்த குடும்பத்தில் யாரும் தானம் வாங்கியதில்லை. வாங்கினால், கொடுப்பவனுடைய பாவமும் பொருளோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடும் என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம். அவளுடைய அப்பா மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கெழுதிக் காலம் தள்ளினார். பட்டினி கிடந்த நாளிலும் சாவு வீட்டுக்குப் போய் ஒரு வேட்டிக்காகக் கை நீட்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டில், நாற்பது வயதைக் கடந்த பிறகு, அவள் கையை நீட்டித் தானம் வாங்க ஆரம்பித்தாள். வாங்கியதெல்லாம் கால் முறிந்த நாய், கண் அழுகிய பூனை, ஒருதடவை கழுத்தில் புண்ணோடு ஒரு வாத்து.

மட்டாஞ்சேரி தபால் ஆபீசில் அவளுக்கு வேலை. ஸ்டாம்பு விற்பாள், மணியார்டர் வாங்குவாள். ஜாதகத்தில் செவ்வாய் உட்கார்ந்திருந்த இடம் பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. நாளாக நாளாக அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. தம்பி வெங்கிட்டு வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. அக்காவுக்கு ஆகட்டும் என்று காத்திருந்தவன், காத்திருப்பதிலேயே ஒரு சுகம் கண்டு நின்றுவிட்டான். பாலஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய ஓட்டு வீட்டில் இருவரும் இருந்தார்கள். தமிழில் பேசிக்கொள்வார்கள், சண்டை முற்றினால் மலையாளத்துக்கு மாறுவார்கள்.

ஆரம்பத்தில் அவளுக்கு நிபந்தனை எதுவும் இருந்ததில்லை. எழுபத்திரண்டாம் வருஷம், பஜாரில் மாடி வீட்டுக்காரர் ஒருவருடைய வெள்ளைச் சடைநாய்க்குப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. அவர் அதைச் சாக்கில் கட்டிக் காயல் தண்ணீரில் விட ஆள் தேடிக்கொண்டிருந்தார். கனகாம்பாள் போய் வாங்கிவந்தாள். ஆபீஸ் விட்டு வந்து எண்ணெய் தேய்த்தாள். எறணாகுளத்து மிருக ஆஸ்பத்திரிக்குப் படகில் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அந்த வருஷத்து லீவெல்லாம் அதற்கே போயிற்று. நாய் நடந்தது. நடந்த நாயைச் சந்து முனையில் பார்த்த மாடி வீட்டுக்காரர், "அட, நம்ம ஜிம்மி!" என்று அள்ளி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓணத்துக்குள் அதை ஒரு கப்பல்காரனிடம் தள்ளிவிட்டு வெளிநாட்டு ரேடியோ வாங்கிக்கொண்டார். கேட்கப் போனவளிடம், என் நாய், என் இஷ்டம் என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் அவளை வெகுநாள் தூங்கவிடவில்லை.

கொடுத்தவன் திரும்பக் கேட்க முடியாதபடி ஒரு பொருளை வாங்கிக்கொள்வது எப்படி என்று அவள் வெங்கடேஸ்வர வாத்தியாரிடம் போய்க் கேட்டாள். வக்கீலிடம் போயிருக்கலாம், வாத்தியார் வீடு பக்கத்தில் இருந்தது.

"தாரை வார்த்துக் குடுத்துட்டாப் போறும்," என்றார் வாத்தியார். "பொண்ணோ, பூமியோ, பசுவோ, தண்ணி விட்டாச்சுன்னா தீர்ந்தது. திரும்பக் கேட்டவன் கெட்டான்."

"நாய்க்கும் இது உண்டோ?"

"நாயை தானம் குடுன்னு எங்கேயும் சொல்லலை. குடுக்கப்படாதுன்னும் சொல்லலை. பக்ஷே, வாங்கறவாளுக்கு தோஷம் உண்டு, கேட்டயா. குடுக்கறவன் பாவம் நம்ம தலையிலே."

"ஏழை பாழைக்கு என்ன பெரிய பாவம் இருக்கப் போறது?" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து முறை இதுதான். வைத்தியம் பார்க்க வழியில்லாதவர்கள் பிராணியைக் கொண்டுவருவார்கள். வாசல்படியில் கனகாம்பாள் கையேந்தி நிற்பாள். கொண்டுவந்தவர் மூக்கு வைத்த வெண்கலக் கிண்டியிலிருந்து அவள் உள்ளங்கையில் தண்ணீர் விட்டு, "இனி என்னுதில்லை" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் பிராணி பிழைத்தாலும் செத்தாலும் அவளுடையது. எல்லா மதத்தாரும் இதைச் சிரிக்காமல் செய்தார்கள். சொத்து கைமாறும்போது ஏதாவது ஊற்ற வேண்டும் என்பதில் மதங்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஒரே ஒரு மாற்றம் தெரிந்தது: மாடி வீட்டுக்காரர்கள் வருவது நின்றுவிட்டது. மோசமானவர்களுக்காகச் செய்த விதிக்கு நல்லவர்கள் மட்டும் கட்டுப்பட்டார்கள். விதிகளின் வழக்கம் அது. கனகாம்பாள் அதை அப்போது கவனிக்கவில்லை.

பிச்சை சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். பஜாரில் உந்துவண்டி என்கிற கைவண்டி இழுத்தான். இஞ்சி மூட்டை, மிளகு மூட்டை, சமயத்தில் அரிசி. வண்டிக்கு அடியில், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், நிழலோடு நிழலாக ஒரு கறுப்பு நாய் நடக்கும். கயிறு கிடையாது. அவன் நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் உலகத்தில் தெரிவது கால்கள்தாம். பஜாரில் நடமாடும் அத்தனை கால்களிலும் பிச்சையின் காலை அது கண்டுபிடித்துவிடும். பெயர் ராக்காயி. அவனுடைய செத்துப்போன அத்தையின் பெயர். அத்தைமேல் அவனுக்கு மரியாதை இருந்ததா, மனத்தாங்கல் இருந்ததா என்று அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

படகுகள்கூட நேரத்துக்கு ஓடிய நெருக்கடி நிலைக் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கனகாம்பாள் வீட்டு வாசலில் அந்த வண்டி வந்து நின்றது. நாய் வண்டிக்கு அடியில் இல்லை. வண்டிமேல், சாக்கு விரித்துப் படுத்திருந்தது. வயிறு உப்பி, கண் உள்ளே போய், நாக்கு வெளியே கிடந்தது.

"தபாலாபீசம்மா, நான்தான் பிச்சை. மாசாமாசம் ஊருக்குப் பணம் அனுப்ப வருவம்லா."

"தெரியறது. என்னாச்சு இதுக்கு?"

"தண்ணி தண்ணியாக் குடிக்கு, சோறு எடுக்க மாட்டேங்கு. பின்னால சீழா வடியுது. நேத்து படகுல எறணாகுளம் கொண்டு போனேன். கர்ப்பப்பை அழுகிப்போச்சு, அறுத்து எடுக்கணும், இல்லன்னா தாங்காதுன்னுட்டாரு டாக்டரு. மருந்து, ஊசி, மயக்கத்துக்குள்ளது எல்லாம் வெளிய வாங்கிட்டு வரணுமாம். அவரு சொன்ன துட்ட நான் மொத்தமாக் கண்ணால பாத்ததே இல்ல தாயி."

கனகாம்பாள் நாயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அது தலையைத் தூக்காமல் வாலை மட்டும் ஒரு தடவை அசைத்தது.

"நான் பாத்துக்கறேன். பக்ஷே ஒரு காரியம் உண்டு. பின்னே இது என் நாயாக்கும்."

"ஒங்களுக்குத் தொந்தரவே இருக்காதும்மா. தையல் பிரிச்ச அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

"அதுதான் முடியாதுங்கறேன். பொழைச்சாலும் நீ கேக்கப்படாது."

பிச்சைக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் வண்டியின் கைமரத்தைப் பிடித்துக்கொண்டான். பேரம் பேசுவான் என்று அவள் எதிர்பார்த்தாள், பஜார்க்காரன்தானே. அவன் பேசவில்லை. நாயைப் பார்த்தான், சரி என்று தலையை ஆட்டினான். கனகாம்பாள் கிண்டி எடுக்க உள்ளே போனாள்.

உள்ளே வெங்கிட்டு பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் காத்திருந்தான். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? மருந்துக்குள்ள பணத்தை அவன்கிட்டக் குடுத்துட்டு, நாயையும் அவன்கிட்டயே விட்டா என்ன?"

"சும்மா இரி."

"இல்லை, தெரியாமத்தான் கேக்கறேன். நாயும் நோக்குன்னா அவனுக்கு என்ன மிச்சம்?"

"நாயோட உசுர் மிச்சம்."

"அது நாய்க்கு மிச்சம். அவனுக்கு?"

"நாளைக்கு மறுபடியும் சீக்கு வந்தா யார் பாக்கறது? ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து நிப்பானா? வைத்தியம் பாக்க வக்கில்லாதவா எதுக்கு நாய் வளக்கணும்?"

"மெதுவாச் சொல்லு. ஜன்னல் தொறந்திருக்கு."

அவள் மெதுவாகச் சொல்லவில்லை. நியாயம் தன் பக்கம் இருப்பதாக நினைப்பவர்கள் குரலைத் தாழ்த்துவது அபூர்வம்.

வாசல்படியில் கையேந்தி நின்றாள். தானம் வாங்குகிறவளின் கை கீழே, கொடுக்கிறவனின் கை மேலே. உந்துவண்டிக்காரன் வள்ளலாகவும் தபால் ஆபீஸ் உத்தியோகஸ்தி இரப்பவளாகவும் நின்ற அந்தக் கோலத்தில் ஏதோ கோணல் இருப்பது அங்கிருந்த யாருக்கும் உறைக்கவில்லை, ஜன்னலோரம் நின்ற வெங்கிட்டுவைத் தவிர.

"தண்ணியை விட்டுண்டே, இனி என்னுதில்லைன்னு சொல்லணும்."

பிச்சை கிண்டியைச் சாய்க்காமல் நின்றான். "அது காதுல விழாமச் சொல்லலாமா?" என்று கேட்டான்.

"எப்படியோ சொல்லு."

அவன் நாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தொண்டைக்குள் சொன்னான். தண்ணீர் அவள் விரலிடுக்கில் வழிந்து, படியில் இறங்கி, வண்டிச் சக்கரத்தடியில் ஓடியது. நாய் சாக்கிலிருந்து சரிந்து இறங்கி வந்து அதை நக்கிக் குடித்தது. அதற்கு அடங்காத தாகம். தன்னைக் கைமாற்றிய தண்ணீரை அது ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

படகுத்துறைவரை நாயைக் கொண்டுபோக வண்டி வேண்டியிருந்தது. வண்டி பிச்சையிடம்தான் இருந்தது. அவனே இழுத்தான், கனகாம்பாள் குடையோடு பின்னால் நடந்தாள். துறையில் அவள் நியாயத்துக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று கூலியை நீட்டினாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "இன்னிக்கு வேண்டாம்மா," என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னால் மலையாளத்தில் கேட்டார், யாருடைய நாய் என்று. "என்டெ," என்றாள் கனகாம்பாள். சொல்லும்போது நாக்கில் சின்னதாக ஒரு தித்திப்பு தட்டியது. பிற்காலத்தில் அவள் மறக்க முயன்றவற்றில் முதலிடம் அந்தத் தித்திப்புக்குத்தான்.

நாய் பிழைத்தது. தையல் பிரித்த பிறகு ஒரு நல்ல நாளில் அதற்குப் பைரவி என்று பெயர் வைத்தாள். ராக்காயி என்று தெருவில் நின்று கூப்பிட ஒரு மாதிரி இருந்தது. நாய் புதுப் பெயரைக் கேட்டுக்கொண்டது, திரும்பிப் பார்க்கவில்லை. பால் சாதம், தயிர் சாதம் எல்லாவற்றையும் மரியாதைக்கு முகர்ந்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. மேசைக்கடியில், நாற்காலிக்கடியில், எதற்கடியிலாவதுதான் இருக்கும். அங்கிருந்து கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பஜாரிலிருந்து உந்துவண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு ஓடும், சக்கரங்கள் கடந்து போகும், திரும்பிவரும்.

பிச்சை ஒருநாளும் கேட்டு வரவில்லை. ஆனால் காலையில் படகுத்துறையில் வெங்கிட்டுவை மறித்து, "ஐயா, தபாலாபீசம்மா நாய் எப்படி இருக்கு?" என்று விசாரிப்பான். வெங்கிட்டு அதை அப்படியே அக்காவிடம் வந்து சொல்வான். தபாலாபீசம்மா நாய் என்ற இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வான்.

முன்பெல்லாம் பிச்சையின் வண்டி தினமும் அந்தச் சந்து வழியாகப் போகும். இப்போது போவதே இல்லை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மணியார்டர் அனுப்ப வந்த ராசப்பனிடம் கேட்டாள். அவனும் உந்துவண்டிக்காரன், பிச்சைக்குச் சித்தப்பா மகன்.

"அவனா? கிறுக்குப் பயம்மா. ஒங்க சந்துப் பக்கமே வர மாட்டான். மூட்டையோட கூவப்பாடம் சுத்தித்தான் போறான். இந்த வெயில்ல! ஏம்ல சாவுதேன்னு கேட்டா, அது என் காலப் பாத்துச்சுன்னா பின்னாலயே வந்துரும், அந்தம்மாவுக்குத் தொந்தரவுங்கான்."

அன்று கனகாம்பாள் குத்திய முத்திரைகளில் பாதி ஸ்டாம்பின்மேல் விழவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பஜாருக்குப் போனாள். இஞ்சிக் கிடங்கு வாசலில் பிச்சை தூசியைத் தட்டிக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"செத்துட்டா?"

"இல்லை, இல்லை. நன்னா இருக்கு. பிச்சை, நீ நாயைக் கூட்டிண்டு போ."

"எதுக்கும்மா? கடிச்சிட்டா?"

"ஒண்ணும் கடிக்கலை. அது உன்னையே நெனைச்சிண்டு கெடக்கு. நீயே வச்சுக்கோ. சீக்கு வந்தா நான் பாக்கறேன்."

"அது எப்படிம்மா? தண்ணி ஊத்திக் குடுத்தாச்சுலா."

"அதொண்ணும் பெரிய காரியமில்லை," என்றாள். சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது.

பிச்சை அதைப் பிடித்துக்கொண்டு பேசவில்லை. பொறுமையாக விளக்கினான். "எங்கய்யா கோயிலுக்குக் குடுத்த மாட்டத் திரும்பப் புடிச்சாந்து ஏர்ல கட்டுனாரும்மா. மழை இல்லாத வருசம், அவரச் சொல்லிக் குத்தமில்ல. தை பொறக்கதுக்குள்ள மாடும் போச்சு, என் தங்கச்சியும் போயிட்டா. ரெண்டுக்கும் சம்பந்தமில்லன்னு படிச்சவுக சொல்லலாம். நான் இப்ப இதத் திரும்ப வாங்கி, அது சட்டுன்னு செத்துப்போச்சுன்னு வைங்க. நானே கொன்ன மாதிரில்லா ஆவும்? இப்ப எங்க இருந்தாலும் உசுரோட இருக்கு." கடைசியாக, "அன்னிக்கு நீங்க உள்ள சொன்னதும் சரிதாம்மா. வைத்தியம் பாக்க வக்கில்லாதவன் எதுக்கு நாய் வளக்கணும்?" என்றான்.

அவன் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். இல்லை. அவன் ஒப்புக்கொண்டிருந்தான்.

வாத்தியாரிடம் ஓடினாள். அவர் விபூதி மடலை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். "அவிழ்க்க முடியாத முடிச்சு வேணும்னு நீதான் கேட்டாய். போட்டுக் குடுத்தேன். இப்போ அவிழ்க்கணும்ங்கறாய். ஒண்ணு செய். நீ வேறே யாருக்காவது தானமாக் குடு. அவா பிச்சைக்குக் குடுக்கட்டும். ஊடே ஒரு கை மாறினா தோஷம் இல்லைன்னு சொல்லலாம்." சொல்லலாம் என்பதை அவர் இழுத்துச் சொன்னார். ராசப்பன் நடுக் கையாக இருக்கச் சம்மதித்தான். பிச்சை சம்மதிக்கவில்லை. "சுத்தி வந்தாலும் அதே தண்ணிதான?" என்று அனுப்பிவிட்டான். சாஸ்திரத்தில் சந்து கண்டுபிடிக்கும் அளவுக்கு அவன் படித்திருக்கவில்லை.

அதன் பிறகு கனகாம்பாள் ஒரு காரியம் செய்தாள். ஆபீசுக்குப் போகும்போது கேட்டைத் தாழிடாமல் போனாள். வாங்கிய தானத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் முடியாது. தொலைத்துவிடுவதை யார் தடுக்க முடியும்? நாய் நேராகப் பஜாருக்குப் போய், சாக்கு ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்கு அடியில் நுழைந்து, பழைய இடத்தில் நின்றதாம். சுமைக்காரர்கள் கைதட்டி, உன் நாய் வந்துவிட்டது என்று மலையாளத்தில் கூவினார்கள். "எடா பிச்சே, நின்டெ பட்டி வந்நு!"

"என்னுதில்ல சேட்டா. தபாலாபீசம்மாவுது."

சாயங்காலம் அவனே கூட்டிவந்தான், கழுத்தில் கயிறு போட்டு. பிறந்ததிலிருந்து கயிறு அறியாத நாய் அது. அதைக் கேட்டில் கட்டிவிட்டு வெங்கிட்டுவிடம், "கேட்டத் தாழ் போட்டு வைங்கய்யா. லாரி போற ரோடு," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், ஓட்டமும் நடையுமாகப் போனான். நாய் கயிற்றைக் கடித்துக்கொண்டு ஊளையிட்டது.

"நாளைக்குத் தாழ் போடுவயா?" என்று கேட்டான் வெங்கிட்டு.

அவள் போடவில்லை. மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் அதே கதை. அவள் தொலைத்ததை எல்லாம் அவன் கண்டெடுத்துக் கொண்டுவந்து சேர்த்தான். பஜாரில் அது தினசரி வேடிக்கையாயிற்று. நாய் வந்ததும் சாயாக்கடையில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிச்சையின் நாணயத்தின்மேல் கனகாம்பாளுக்கு ஆத்திரம் வந்தது. கொஞ்சம் அயோக்கியனாக இருந்திருந்தால் எல்லோரும் சௌக்கியமாக இருந்திருக்கலாம்.

ஒருநாள் நாய் தானாகவே திரும்பிவந்தது, கயிறு இல்லாமல். அவள் ராசப்பனைத் தேடிப் போனாள். பிச்சையின் வண்டியை அவன்தான் இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்குப் போயிட்டானா?"

"ஊர்ல என்னம்மா இருக்கு? தீவுக்குப் போயிட்டான். கோடவுன்ல மூட்டை இறக்குதான். வண்டிய எங்கிட்டத் தள்ளிட்டான். தண்ணி தாண்டி நாய் வராதுல்லா, அதான்." ராசப்பன் குனிந்து சக்கரத்தைத் தட்டினான். "அது இன்னிக்கும் வந்துச்சு. அடியில நுழைஞ்சு என் காலையே பாத்துச்சு. பெறகு போயிட்டு."

வண்டி பிச்சைக்குச் சொந்தம். தீவில் அவன் தினக்கூலி. அதை யாரும் அவளிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவே கிண்டியை எடுத்துப் பரணில் போட்டாள். பிராணிகள் வருவது நிற்கவில்லை. மருந்துக்கு வேண்டியதைக் கொடுத்து, சொந்தக்காரனிடமே திருப்பி அனுப்பினாள். அந்த முறை சுத்தமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பூனைக்கு மூன்று வேளை கொடுக்க வேண்டிய மருந்தை ஒரே வேளையில் கொடுத்துவிட்டார்கள், செத்தது. கால் தேறிய ஆட்டைப் பெருநாளுக்கு முன்னால் விற்றுவிட்டார்கள். பழைய விதிப்படி வாங்கியிருந்தால் இரண்டும் கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். வெங்கிட்டு அதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. "அப்போ உசுரு நின்னுது, மனுஷா அழுதா. இப்போ மனுஷா சிரிக்கறா, உசுரு போறது. எது ஷெரி?"

"நேக்குத் தெரியாது," என்றாள் கனகாம்பாள். அவள் அப்படிச் சொல்லி அவன் அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவன் கேட்கவில்லை.

பைரவி ஆரோக்கியமாக இருந்தது. வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தண்டனைபோல அப்படியொரு பூரண குணம். அடுத்த வீட்டு ரோசிச் சேச்சியிடம் சொல்லி மத்தி மீன் வேகவைத்து வாங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு கனகாம்பாள் தன் கையாலேயே வைத்தாள். நாய் தின்றது. நன்றியோடு அவள் காலைப் பார்த்தது. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. கொடுத்தவன் பாவம் வாங்கியவள் தலையில் என்று வாத்தியார் சொன்னது தப்பு என்று அவளுக்குப் பட்டது. பிச்சையிடம் அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தலையில் இருந்ததெல்லாம் அவளுடைய சொந்தச் சம்பாத்தியம்.

வெங்கிட்டுவின் ஆபீசும் அந்தத் தீவில்தான். அவன் பிச்சையைப் பார்த்திருக்கலாம். கேட்காத செய்தியைக் கொண்டுவரும் பழக்கத்தை அவன் அதற்குள் விட்டுவிட்டிருந்தான். கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

எண்பத்து மூன்றில் ஒருநாள் வெங்கிட்டு மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அது இல்லாமல் அவனுக்குத் தன் கையெழுத்தே தெரியாது. கனகாம்பாளுக்கு அன்று லீவு. படகேறித் தீவில் இறங்கி, கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகிற படகுக்காகத் துறையில் நின்றாள். பக்கத்துச் சாயாக்கடையிலிருந்து ஒருவன் எழுந்துவந்தான். தலை நரைத்திருந்தது. காலில் எந்தக் கப்பல்காரனோ விட்டுப்போன தோல் பூட்ஸ். காலை வைத்து யாராலும் அடையாளம் கண்டிருக்க முடியாது.

"தபாலாபீசம்மா!"

"பிச்சை... நன்னா இருக்கயா?"

"இருக்கேம்மா. பைரவி நல்லாருக்காளா?"

அந்தப் பெயரை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. யாரிடமோ கேட்டு வைத்திருந்திருக்கிறான். பெரிய வீட்டில் கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரைச் சொல்வதுபோல, எழுத்து பிசகாமல் சொன்னான்.

"ராக்காயி நன்னா இருக்கா," என்றாள் கனகாம்பாள்.

இரண்டு பேரும் காயலைப் பார்த்தார்கள்.

"கெழடாயிருக்கும்லா?"

"ஆயாச்சு. பின்னங்கால் கொஞ்சம் இழுக்கறது. கண்ணு நன்னாத் தெரியறது." பிறகு, பல வருஷமாக வாயிலிருந்ததைச் சொன்னாள். "ஒருநாள் வந்து பாத்துட்டுப் போயேன், பிச்சை. பாக்கறதுல ஒரு தோஷமும் இல்லை. நான் வாத்தியார்கிட்டக் கேட்டுண்டாச்சு."

அவன் யோசித்தான். மரியாதைக்கு யோசித்ததாகத்தான் தெரிந்தது. "வேண்டாம்மா. வந்தா, கெளம்பணும்லா?"

படகு வந்து முட்டியது. அவன் சட்டென்று கடைக்குள் போய், காகிதத்தில் பொதிந்த பன் ஒன்றோடு ஓடிவந்தான். பஜாரில் வண்டி இழுத்த காலத்தில் காலைச் சாயாவோடு வாங்குகிற பன்னில் பாதி வண்டிக்கு அடியில் போகும்.

"இதக் குடுத்துருங்க. யாரு குடுத்தான்னு சொல்லாதீங்க."

"யார்கிட்ட? நாய்கிட்டயா?"

"ஆமா," என்றான் பிச்சை. அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டுப் படகேறினாள்.

வீட்டில் நாய் கட்டிலுக்கடியில் கிடந்தது. கனகாம்பாள் பொட்டலத்தைப் பிரித்து, பன்னைத் தரையில் வைத்தாள். வாக்குக் கொடுத்தபடி ஒன்றும் சொல்லவில்லை. நாய் பன்னை விட்டுவிட்டுக் காகிதத்தை முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. பிறகு அவள் கையை, புடவைத் தலைப்பை, செருப்பை. அப்புறம் பின்னங்காலை இழுத்துக்கொண்டு, ஓடக்கூடியமட்டும் ஓடி, வாசல்படியில் போய் நின்றது. அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது; தலையை நிமிர்த்தாமல், தரையோடு தரையாக, கால்களின் உயரத்தில்.

சந்தில் யாரும் இல்லை. கனகாம்பாள் உள்ளே வாவென்று கூப்பிட வாயெடுத்தாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், அவளும் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.